வாசகர் கேள்வி-பதில்: எரிமலைச் சாம்பலை அளந்து அபாயத்தைக் கணிப்பது எப்படி?

எத்தியோப்பியாவின் ஹாய்லி குப்பி எரிமலை 2025 நவம்பர் 23ஆம் திகதி வெடித்தது. அதன் சாம்பல் முகில் செங்கடலையும் அரபுக் கடலையும் தாண்டி மறுநாள் இரவே டெல்லி வான்வரை வந்துவிட்டது. விமானங்கள் இரத்தான செய்தியைப் படித்தபின் எழுதப்பட்ட பல கடிதங்கள் எமக்குக் கிடைத்தன. எரிமலையே இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் இருந்துகொண்டு இத்தனை பேர் இதைப்பற்றிக் கேட்டிருப்பது எனக்குப் பெருமகிழ்ச்சி. ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எரிமலைச் சாம்பல் என்பது எங்கள் அடுப்புச் சாம்பல், திருநீறு போன்ற ஒன்றுதானா? அப்படியானால் அதற்கு ஏன் இவ்வளவு பயப்படுகிறார்கள்? (வாசகி, சாவகச்சேரி)

பெயர்தான் ஒன்று, பொருள் முற்றிலும் வேறு. அடுப்புச் சாம்பலும் திருநீறும் எரிந்து முடிந்த பொருளின் மிச்சம். எரிமலைச் சாம்பல் எதுவும் எரிந்ததால் வந்ததல்ல. நிலத்துக்கு அடியில் உருகிய பாறைக் குழம்பில் நீராவியும் வேறு வாயுக்களும் கரைந்திருக்கின்றன. குழம்பு மேலே ஏறி அமுக்கம் குறையும்போது, மூடி திறந்த சோடாப் போத்தலில் நுரை பொங்குவதைப் போல அவை குமிழிகளாகப் பொங்குகின்றன. அந்த நுரை நொறுங்கிக் காற்றில் பட்டுக் குளிரும்போது கிடைப்பதே சாம்பல். இரண்டு மில்லிமீற்றருக்குச் சிறிய துகள்களையே புவியியலாளர் சாம்பல் என்பர்.

ஒரு சிட்டிகையை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தால், உடைந்த மின்குமிழின் சில்லுகள் போன்று வளைந்த, கூர்விளிம்புள்ள கண்ணாடித் துண்டுகள் தெரியும். திருநீற்றை விரலால் தேய்த்தால் மாவாகப் படியும். இதைக் கண்ணாடிமேல் வைத்துத் தேய்த்தால் கீறல் விழும். இது தண்ணீரில் கரையாது, நனைந்தால் கனக்கும், விமான இயந்திரத்தின் வெப்பத்தில் மீண்டும் உருகி உள்ளே ஒட்டிக்கொள்ளும். பயத்துக்குக் காரணம் இவைதான்.

கேள்வி: ஓர் எரிமலை இத்தனை கன கிலோமீற்றர் சாம்பலைக் கக்கியது என்று பாடநூலில் இருக்கிறது. பல நாடுகளில் பரவிக் கிடக்கும் சாம்பலை யார், எதைக்கொண்டு அளந்தார்கள்? (உயர்தர மாணவி, கொக்குவில்)

இந்தக் கேள்விக்கு நீண்ட பதில் தருவதற்கு மன்னியுங்கள். சாம்பல் அபாயக் கணிப்பு முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது.

சாம்பலை யாரும் கூட்டி அள்ளி அளப்பதில்லை. சாம்பல் விழுந்த நாட்டில் நூற்றுக்கணக்கான இடங்களில், மழையும் காற்றும் கலைக்காத சமதரையைத் தேடிச் சிறு குழி தோண்டி, அந்தப் படையின் தடிப்பை அடிமட்டத்தால் அளக்கிறார்கள். அளவுகளை வரைபடத்தில் குறித்து, ஒரே தடிப்புள்ள இடங்களைக் கோட்டால் இணைக்கிறார்கள். இவற்றைச் சமதடிப்புக் கோடுகள் எனலாம். காற்று வீசிய திசையில் நீண்டு, ஒன்றினுள் ஒன்றாக அடங்கிய முட்டை வடிவங்கள் கிடைக்கும். உங்கள் வீட்டிலேயே இதைச் செய்து பார்க்கலாம். சீமெந்துத் தரையில் கறுப்புத் துணியை விரித்து, மேசை விசிறியைப் போட்டுவிட்டு, உயரத்தில் இருந்து ரவையையும் அரித்த அரிசிமாவையும் கலந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். ரவை காலடியிலேயே விழும். மா துணியின் மறுமுனை வரை போகும். கையில் இருந்து விலக விலகப் படை மெலிவதும், மணிகள் சிறுப்பதும் கண்ணுக்கே தெரியும்.

அந்த மெலிவுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. 1989இல் எரிமலை ஆய்வாளர் டேவிட் பைல் அதை எளிய முறையாக்கினார். ஒவ்வொரு கோட்டுக்குள்ளும் அடங்கும் பரப்பளவின் வர்க்கமூலத்தை ஒருவகைத் தூரமாகக் கொண்டால், அந்தத் தூரம் ஒரே அளவால் கூடும் ஒவ்வொரு முறையும் தடிப்பு ஏறக்குறைய அரைவாசியாகிறது. உதாரணத்துக்கு ஒரு கற்பனை எரிமலையை எடுப்போம். 100 சென்ரிமீற்றர் கோட்டுக்குள் 25 சதுர கிலோமீற்றரும், 50 சென்ரிமீற்றர் கோட்டுக்குள் 100 சதுர கிலோமீற்றரும், 25 சென்ரிமீற்றர் கோட்டுக்குள் 225 சதுர கிலோமீற்றரும் அடங்கட்டும். வர்க்கமூலங்கள் 5, 10, 15. ஐந்து கிலோமீற்றருக்கு ஒருமுறை தடிப்பு அரைவாசியாகிறது. அதே போக்கில் பின்னோக்கிப் போனால் எரிமலை வாயில் 200 சென்ரிமீற்றர், அதாவது 0.002 கிலோமீற்றர் வருகிறது. வாயிலுள்ள தடிப்பை, அரைவாசியாகும் தூரத்தின் வர்க்கத்தாலும் 4.16 என்னும் மாறிலியாலும் பெருக்கினால் மொத்தக் கனவளவு கிடைக்கும். 0.002 × 25 × 4.16 என்பது ஏறக்குறைய 0.2 கன கிலோமீற்றர். (4.16 என்பது 2ஐ, 2இன் இயற்கை மடக்கையின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது. தொகையீடு படித்தவர்கள் தாங்களே நிறுவிப் பார்க்கலாம்.)

இனிக் கவனிக்க வேண்டிய இடத்துக்கு வருவோம். இதே உதாரணத்தில், 12.5 சென்ரிமீற்றர் கோட்டுக்கு வெளியே, கண்ணுக்கு மெல்லிய படையாகத் தெரிகின்ற பகுதியில் மட்டும் மொத்தச் சாம்பலில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு கிடக்கிறது. அந்த மெல்லிய படை முதல் மழையோடு போய்விடும். பெரும்பாலும் கடலில் விழும். அதை அளக்கத் தவறியவரின் கணக்கில் எரிமலை சிறுத்துவிடும். உண்மையான படைகள் ஒரே நேர்கோட்டு ஒழுங்கிலும் மெலிவதில்லை. தூரத்தில் நாம் எதிர்பார்ப்பதைவிட மெதுவாகவே மெலிகின்றன. அதனால்தான் 2005இல் கொஸ்தான்சா பொனடோனா, புரூஸ் ஹௌட்டன் ஆகியோர், தூரத்தின் ஓர் அடுக்குக்கு ஏற்பத் தடிப்புக் குறைவதாகக் கொள்ளும் அடுக்கு விதியைக்கொண்டு வேறொரு முறையை முன்வைத்தார்கள். அமெரிக்காவின் சென் ஹெலன்ஸ் எரிமலை 1980 மே 18ஆம் திகதி வெடித்தபோது, அங்கிருந்து சுமார் 300 கிலோமீற்றர் தொலைவில் உள்ள ரிட்ஸ்வில் என்ற ஊரில், நடுவழியில் உள்ள ஊர்களைவிடத் தடிப்பாகச் சாம்பல் விழுந்தது. தனித்தனியே விழுந்திருந்தால் இன்னும் வெகுதூரம் போயிருக்க வேண்டிய நுண்துகள்கள் காற்றிலேயே ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு அங்கே இறங்கிவிட்டன.

எரிமலையைப் பெருப்பித்துக் காட்டும் நேர்மாறான பிழையும் உண்டு. சுமாத்திராவின் டோபா எரிமலை ஏறக்குறைய 74,000 ஆண்டுகளுக்கு முன்னர் கக்கிய சாம்பல், ஆந்திராவின் ஜுவாலாபுரத்தில் இரண்டு மீற்றருக்கும் கூடிய தடிப்பில் கிடக்கிறது. அவ்வளவும் வானத்தில் இருந்து அங்கே விழுந்ததல்ல. சுற்றுவட்டத்து மேடுகளில் விழுந்ததை வெள்ளம் பள்ளத்தில் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. அடிமட்டம் பொய் சொல்லாது. ஆனால் எந்தப் படையை அளக்கிறோம் என்பதைத் தோண்டுபவர் அறிந்திருக்க வேண்டும்.

கேள்வி: பத்திரிகைகளில் "ஆறாம் தர வெடிப்பு", "ஏழாம் தர வெடிப்பு" என்று எழுதுகிறார்களே, நிலநடுக்க அளவைப் போன்றதா? எண் கூடினால் அபாயம் கூடும் என்று எடுக்கலாமா? (ஓய்வுபெற்ற அதிபர், பருத்தித்துறை)

அது எரிமலை வெடிப்புச் சுட்டெண். 1982இல் கிறிஸ் நியூஹோல், ஸ்டீபன் செல்ப் ஆகிய இருவரும் வகுத்தது. 0 முதல் 8 வரை செல்கிறது. வெளிவந்த சாம்பலும் நுரைக்கல்லும் 0.1 கன கிலோமீற்றரை எட்டினால் 4, ஒன்றை எட்டினால் 5, பத்தை எட்டினால் 6, நூறை எட்டினால் 7, ஆயிரத்தை எட்டினால் 8. மேலே கொக்குவில் மாணவிக்குச் சொன்ன கற்பனை எரிமலை நாலாம் தரம். ஆறாம் தரத்துக்கு 1883இன் கிராக்கட்டோவாவும் 1991இன் பினாட்டுபோவும், ஏழாம் தரத்துக்கு 1815இன் தம்போராவும் எடுத்துக்காட்டுகள்.

இந்தச் சுட்டெண்ணில் ஒரு குறை உண்டு. கனவளவு என்பது நுரையின் கனவளவு. காற்றுப் பைகள் நிறைந்த நுரைக்கல்லையும் கெட்டியான பாறையையும் ஒரே கணக்கில் சேர்க்க முடியாது. தம்போராவின் படைகள் 150 கன கிலோமீற்றர் அளவு என்று ஒரு நூலிலும், 30 முதல் 50 வரை என்று இன்னொரு நூலிலும் படித்துக் குழம்பியவர்கள் இருப்பீர்கள். முதலாவது விழுந்த படையின் கனவளவு. இரண்டாவது, காற்றுவெளியை எல்லாம் நீக்கிக் கெட்டிப் பாறையாக்கினால் வரும் கனவளவு. எதைச் சொல்கிறோம் என்று குறிப்பிடாமல் எண்ணை மட்டும் அச்சிடுவது வாசகருக்குச் செய்யும் அநீதி. இக்குழப்பத்தைத் தவிர்க்க, திணிவைக் கொண்டு கணிக்கும் பருமன் என்ற அளவும் இருக்கிறது: மொத்தத் திணிவைக் கிலோகிராமில் எழுதி, பத்தை அடியாகக் கொண்ட அதன் மடக்கையில் இருந்து 7ஐக் கழிக்க வேண்டும். நம் கற்பனை எரிமலையின் சாம்பல் கன மீற்றருக்கு 1,000 கிலோகிராம் என்றால் அதன் பருமன் ஏறக்குறைய 4.3.

எண் கூடினால் அபாயம் கூடுமா என்பதற்கு, ஐயா, இல்லை என்பதே என் உறுதியான பதில். கொலம்பியாவின் நெவாடோ டெல் ரூயிஸ் 1985 நவம்பர் 13ஆம் திகதி வெடித்தபோது அது வெறும் மூன்றாம் தரம். ஆனால் உச்சியில் இருந்த பனியை அது உருக்கியதால் சேற்று வெள்ளம் பள்ளத்தாக்கு வழியே இறங்கி ஆர்மெரோ நகரத்தை மூடியது. ஏறக்குறைய 23,000 பேர் இறந்தார்கள். அந்த நகரம் சேற்று வெள்ளத்தின் பாதையில் இருப்பதைக் காட்டும் அபாய வரைபடம் அதற்கு முந்திய மாதமே வெளிவந்திருந்தது. இந்தச் செய்தியை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

ஆகவே கணிப்பாளர்கள் ஓர் எண்ணோடு நிற்பதில்லை. அந்த எரிமலை முன்பு எத்தனை முறை, எந்தெந்த அளவில் வெடித்தது என்பதைப் பழைய படைகளில் இருந்து எடுக்கிறார்கள். வானில் உயரத்தில் வீசும் காற்றின் பல ஆண்டுப் பதிவுகளைச் சேர்க்கிறார்கள். கணினியில் ஆயிரக்கணக்கான கற்பனை வெடிப்புகளை ஓடவிட்டு, ஒவ்வோர் ஊரிலும் ஒரு சென்ரிமீற்றருக்கு மேல், பத்துச் சென்ரிமீற்றருக்கு மேல் சாம்பல் விழ எத்தனை சதவீத வாய்ப்பு என்று வரைபடம் போடுகிறார்கள். மக்களுக்குப் பயன்படுவது அந்த வரைபடம்தான்.

கேள்வி: 2010இல் லண்டனில் இருந்து தங்கையின் கலியாணத்துக்கு வரவேண்டிய மகன் ஐஸ்லாந்து எரிமலையால் வரமுடியாமல் போனான். அது பெரிய வெடிப்பு அல்ல என்று பிறகு படித்தேன். அப்படியானால் ஏன் ஐரோப்பா முழுவதும் நின்றது? வெடித்துக்கொண்டிருக்கும்போதே அளவை எப்படி அறிகிறார்கள்? (வாசகர், கரவெட்டி)

அந்த வேதனை எனக்கு விளங்குகிறது. அக்காலத்தில் எங்கள் ஊர்களில் எத்தனையோ வீடுகளில் இதே கதைதான். எயாபியாத்லயோகுல் என்னும் அந்த ஐஸ்லாந்து எரிமலையினது நாலாம் தரத்துக்கு மேற்படாத வெடிப்பு. ஆயினும் பனிக்கட்டிக்கு அடியில் வெடித்ததால் குழம்பு திடீரெனக் குளிர்ந்து மிக நுண்ணிய துகள்களாக நொறுங்கியது. காற்றும் நேராக ஐரோப்பாவை நோக்கி வீசியது. ஏறக்குறைய 1 இலட்சம் விமானப் பயணங்கள் இரத்தாயின.

அந்த எச்சரிக்கைக்குப் பின்னால் ஒரு பழைய அனுபவம் இருந்தது. 1982 ஜூன் 24ஆம் திகதி கோலாலம்பூரில் இருந்து பேர்த் சென்ற பிரிட்டிஷ் எயார்வேஸ் விமானம், ஜாவாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் இரவில் புகுந்தது. அதன் நான்கு இயந்திரங்களும் நின்றுபோயின. கீழே இறங்கிச் சாம்பலை விட்டு வெளியேறிய பின்னர் அவை மீண்டும் இயங்கியதால் ஜகார்த்தாவில் பத்திரமாகத் தரையிறங்கியது. இன்று உலகை ஒன்பது பகுதிகளாகப் பிரித்து ஒன்பது எரிமலைச் சாம்பல் ஆலோசனை நிலையங்கள் விமானங்களுக்கு எச்சரிக்கை விடுக்கின்றன.

வெடித்துக்கொண்டிருக்கும்போது குழி தோண்ட நேரமில்லை. அப்போது கைகொடுப்பது சாம்பல் தூணின் உயரம். ராடரும் செய்மதியும் விமானிகளின் கண்களும் அதைத் தருகின்றன. ஒரு வினாடிக்கு வெளிவரும் திணிவு ஏறக்குறைய உயரத்தின் நான்காம் அடுக்குக்கு விகிதமாகும்: உயரம் இரு மடங்கானால் வெளியேற்றம் பதினாறு மடங்கு. இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். உயரத்தை 20 சதவீதம் கூட்டி மதிப்பிட்டுவிட்டால் வெளியேற்றம் இரு மடங்காகத் தெரியும். அந்தப் பிழை அப்படியே முகிலின் அடர்த்திக் கணக்கில் ஏறிவிடுகிறது. 2010இல் துணிந்து பறக்கவிடாததற்கு இதுவும் ஒரு காரணம். சாம்பல் சிறிதளவு இருந்தாலும் பறப்பதில்லை என்பதே அன்றைய விதி. அதன் பின்னர்தான் ஐரோப்பாவில் கன மீற்றர் வளிக்கு 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என எல்லைகள் வகுக்கப்பட்டன.

கேள்வி: நான் மேசன் வேலை செய்கிறேன். சாம்பலால் கூரை இடிந்து ஆட்கள் இறந்ததாகப் படித்தேன். எவ்வளவு தடிப்பு விழுந்தால் கூரை தாங்காது? (சுன்னாகம்)

உங்களைப் போன்றவர் கேட்க வேண்டிய கேள்வி இது. புதிதாக விழுந்த உலர்ந்த சாம்பல் கன மீற்றருக்கு 400 முதல் 700 கிலோகிராம் இருக்கும். மழையில் நனைந்து இறுகினால் 1,000 முதல் 2,000 வரை போகும். பத்துச் சென்ரிமீற்றர் தடிப்பு என்று வைத்தால், சதுர மீற்றருக்கு உலர்ந்த நிலையில் 40 முதல் 70 கிலோகிராம். நனைந்த நிலையில் 100 முதல் 200. பத்து மீற்றர் நீளமும் எட்டு மீற்றர் அகலமும் உள்ள கூரையில் அது 8 முதல் 16 தொன். ஓட்டின் பாரத்துக்கு என்று போட்ட கைமரமும் சலாகையும் இதை எவ்வளவு நேரம் தாங்கும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். செங்குத்தான ஓட்டுக்கூரையில் ஒரு பகுதி வழுக்கி விழுந்துவிடும். தாழ்ந்த சரிவுள்ள விறாந்தைத் தகரத்தில்தான் அது அப்படியே தங்கும்.

பிலிப்பைன்சின் பினாட்டுபோ 1991 ஜூன் 15ஆம் திகதி உச்சமாக வெடித்த அதே நாளில் யூன்யா என்ற சூறாவளி அந்தத் தீவைக் கடந்தது. விழுந்த சாம்பல் மழையைக் குடித்துக் கனத்தது. அந்த வெடிப்பின்போது இறந்தவர்களில் பெரும்பாலானோர் நனைந்த சாம்பலின் பாரத்தில் இடிந்த கூரைகளின்கீழ் இருந்தவர்களே. பல்லாயிரம் பேரை முன்கூட்டியே வெளியேற்றியிருக்காவிட்டால் தொகை இன்னும் பன்மடங்காகியிருக்கும். வெறும் தடிப்பை மட்டும் சொல்லும் அபாய வரைபடம் போதாது, மழைக்காலக் கணக்கும் அதில் சேர வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் எப்போதாவது எரிமலைச் சாம்பல் விழுந்திருக்குமா? இனி விழுமா? (வாசகர், நல்லூர்)

எமக்கு அருகில் உள்ள உயிருள்ள எரிமலை அந்தமான் கடலின் பரன் தீவு. அது ஏறக்குறைய 1,500 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது; 1991 முதல் அவ்வப்போது வெடித்தாலும் அவை சிறு வெடிப்புகள், சாம்பல் பெரும்பாலும் சுற்றுக் கடலிலேயே விழுகிறது. அச்சப்படத் தேவையில்லை.

கிராக்கட்டோவா எமக்கு ஏறக்குறைய 3,300 கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது. 1883 ஓகஸ்ட் 27ஆம் திகதி அதன் வெடிப்பொலி இலங்கையிலும் பீரங்கி முழக்கம் போலக் கேட்டது. அடுத்த மாதம் இலங்கையிலும் சென்னையிலும் சூரியன் பச்சையாகவும் நீலமாகவும் தெரிந்தது. நிறத்தை மாற்றியது மிக உயரத்தில் மிதந்த நுண்துகளும் கந்தக மூடுபனியும்; முற்றத்தில் கூட்டி அள்ளும் அளவுக்கு எதுவும் விழவில்லை.

டோபாவின் கதை வேறு. அதன் சாம்பல் வங்கக் கடலின் அடிப் படிவுகளிலும் ஆந்திரப் பள்ளத்தாக்குகளிலும் அரபுக் கடலிலும், ஏறக்குறைய 7,000 கிலோமீற்றர் தொலைவில் உள்ள மலாவி ஏரியின் சேற்றிலும் கண்டெடுக்கப்பட்டுள்ளது. இத்தனை இடங்களுக்கும் நடுவில் இருக்கும் எமது நிலத்தின் மேலும் அது பொழிந்திருக்கும் என்று கொள்வதே நியாயம். ஆனால் டோபாவினது போன்ற எட்டாம் தர வெடிப்பு பல்லாயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழ்வது.

இங்கே ஒரு சிறு செய்தி. 1250களின் பிற்பகுதியில் ஒரு மாபெரும் வெடிப்பு நிகழ்ந்ததைத் துருவப் பனியில் படிந்த கந்தகம் பல பத்தாண்டுகளாகக் காட்டிக்கொண்டிருந்தது. எந்த மலை என்றுதான் விளங்கவில்லை. 2013இல்தான் அது இந்தோனேசியாவின் லொம்பொக் தீவிலுள்ள சமலாஸ் என்று உறுதியானது. தோண்டிய படைகளோடு சேர்ந்து சாட்சி சொன்னவை, பமாத்தான் என்ற நகரத்தின் அழிவை எழுதிவைத்த பழைய ஓலைச்சுவடிகள். அங்கே எழுத்துக்குப் பயன்பட்ட லொந்தார் ஓலை வேறெதுவுமல்ல, எங்கள் வேலியோரத்துப் பனையின் ஓலைதான். ஏழாம் தர வெடிப்பு ஒன்றையே இத்தனை காலம் அடையாளம் காண முடியாமல் இருந்தோம் என்றால், சிறிய வெடிப்புகள் எத்தனை எமது கணக்கில் இருந்து விடுபட்டிருக்கும்? அடிக்கடி நிகழ்வதை அரிது என்று எண்ணிவிடும் ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: இந்தோனேசியாவில் வேலை செய்யும் மகளின் ஊரில் சாம்பல் விழுந்தால், சாதாரண ஆட்களே அதை அளந்து உதவலாமா? (வாசகி, காரைநகர்)

தாராளமாக. பல நாடுகளில் ஆய்வாளர்கள் பொதுமக்கள் சேகரித்த அளவுகளைக் கேட்டு வாங்குகிறார்கள். அவர்களால் போய்ச் சேர முடியாத மெல்லிய படைகளின் அளவு அப்படித்தான் கிடைக்கிறது. முதலில் முகக்கவசம் அணியச் சொல்லுங்கள். கிணற்றையும் தண்ணீர்த் தொட்டியையும் மூடச் சொல்லுங்கள். முற்றத்தைக் கூட்டுவதற்கு முன், மரமும் தாழ்வாரமும் மறைக்காத சமதரையில் 30 சென்ரிமீற்றருக்கு 30 சென்ரிமீற்றர் சதுரம் ஒன்றைக் குறித்து, அதற்குள் கிடக்கும் சாம்பலை மட்டும் மெல்லிய அட்டையால் வழித்தெடுத்து, சமையலறைத் தராசில் நிறுக்க வேண்டும். 90 கிராம் இருந்தால் சதுர மீற்றருக்கு ஒரு கிலோகிராம். உலர்ந்த புதுச் சாம்பல் என்றால் தடிப்பில் ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டரை மில்லிமீற்றர். மழைக்கு முன் எடுத்ததா, பின் எடுத்ததா என்பதும் முக்கியம். சாம்பலைப் பொலித்தீன் பையில் கட்டி, இடம், திகதி, விழத் தொடங்கிய நேரம், நின்ற நேரம், வழித்தெடுத்த நேரம், சதுரத்தின் அளவு ஆகிய ஆறையும் பென்சிலால் ஒரு துண்டில் எழுதி உள்ளே வைக்கட்டும். மையால் எழுதினால் ஈரத்தில் அழிந்துவிடும்.